பழுது பார்க்க ஒரு குழு: கூடமா, பட்டறையா, காகித மேசையா?

2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனைக் கடந்தது. அடுத்த வாரம் சேந்தாந்த்ரே ஊரில் எங்கள் தெருமுனையில் குப்பை ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. முறிந்த லிச்சி மரக்கிளைகள், ஊறிப்போன மெத்தை, அவற்றுக்கு நடுவே ஐந்து ரைஸ் குக்கர்கள். ஐந்து! தினமும் சோறு சாப்பிடும் தீவு இது. மல்பார் என்று இங்கே சொல்லும் தமிழ் வம்சாவளியினர் வீடோ, சீனர் வீடோ, கிரியோல் வீடோ, குக்கர் இல்லாத அடுக்களை கிடையாது. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் செத்திருக்கும் என்று தூக்கி எறிந்திருந்தார்கள்.

அதில் இரண்டை எடுத்துப் போய்ப் பார்க்கலாமே என்று சொன்னவர் எங்கள் தமிழ் வகுப்பில் படிக்கும் ஒரு பெரியவர். சர்க்கரை ஆலையில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாட்டன் பேசிய மொழியை அறுபது வயதுக்கு மேல் கற்க வந்தவர். நான் காரைக்காலில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். புதன்கிழமை மாலைகளில் அவருக்கும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேருக்கும் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் சொல்லித் தருகிறேன். அந்த வகுப்பில்தான் பேச்சு தொடங்கியது: நாமே ஒரு பழுதுபார்க்கும் குழு ஆரம்பித்தால் என்ன?

ஆரம்பிக்கலாம் என்பதில் சண்டை இல்லை. எப்படி என்பதில்தான் மூன்று வாரம் போனது. நான்கு வழிகள் மேசைக்கு வந்தன. மாதம் ஒருமுறை ஒரு கூடத்தில் எல்லோரும் கூடிப் பழுது பார்ப்பது. சம்பளத்துக்கு ஆள் வைத்து நிரந்தரப் பட்டறை நடத்துவது. கருவிகளை இரவல் கொடுக்கும் நூலகம் வைப்பது. நான்காவது, நாம் திருப்புளியே எடுக்காமல், பொருளை எங்கே கொண்டுபோனால் குறைந்த செலவில் சரியாகும் என்று வழிகாட்டுவது.

கருவி நூலகத்தை முதலிலேயே தள்ளிவிட்டோம். துளைபோடும் எந்திரம் இல்லாததால் இந்த ஊரில் யாரும் பொருளை எறிவதில்லை. அது பக்கத்து வீட்டில் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். கருவியைப் பிடிக்கத் தெரிந்த கைதான் குறைவு.

நிரந்தரப் பட்டறை, பார்க்க மிக அழகான யோசனை. பிரெஞ்சில் ரெசூர்சரி என்பார்கள்: ஊரார் வேண்டாமென்று கொடுப்பதை வாங்கி, சரிசெய்து, மலிவாக விற்பது. வேலை இல்லாத இளைஞர்களுக்குத் தொழிலும் கற்றுக்கொடுக்கலாம். வகுப்பில் இருக்கும் இளையவர்கள் இதற்குத்தான் கை தூக்கினார்கள். கணக்குப் போட உட்கார்ந்ததும் முகம் மாறியது. வாடகை, வேன், சம்பளம், சமூகக் காப்பீட்டுப் பங்கு, தீயணைப்பு விதிகள். ஆளுக்கு இருபது யூரோ போட்டு ஆகிற காரியமில்லை. மானியம் எழுதத் தெரிந்த ஒருவர் முழுநேரமும் வேண்டும். இன்னொரு முடிச்சும் இருக்கிறது. தெஷெத்ரி என்னும் கழிவு ஒப்படைக்கும் இடத்துக்குள் ஒரு பொருள் போய்விட்டால் அது சட்டப்படி கழிவு. நினைத்தால் உள்ளே போய் எடுத்து வர முடியாது. கிழக்குப் பக்கத்து ஊர்களின் கழிவைப் பார்த்துக்கொள்ளும் சிரெஸ்ட் போன்ற கூட்டமைப்போடு ஒப்பந்தம் போட்டால்தான் உண்டு. பொருள் கழிவு ஆவதற்கு முன்பே, உரியவர் கையிலிருந்து நேராக வாங்கிக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அப்படி வருகிறதை எங்கே அடுக்குவது? என் கார் கொட்டகையில் இப்போதே இடமில்லை. இதைச் சொன்னதும் என் கணவர் தலையாட்டிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து யாராவது பட்டறை வைத்தால் நான் முதல் ஆளாகப் போய் நிற்பேன். தொடங்குகிறவர்களுக்கு அது முதல் படி இல்லை.

ஆக, மீந்தவை இரண்டு: கூடிப் பழுது பார்ப்பதும், வழிகாட்டுவதும்.

கூடிப் பழுது பார்ப்பது இன்று உலகம் அறிந்த முறை. மார்டினே போஸ்ட்மா என்ற டச்சுப் பெண்மணி 2009 அக்டோபர் 18 அன்று ஆம்ஸ்டர்டாமில் முதல் 'ரிப்பேர் கஃபே'யை நடத்தினார். பிரான்ஸ் முழுக்க அது பரவிவிட்டது. ஒரு கூடம், நாலைந்து மேசை, கைவேலை தெரிந்த தன்னார்வலர்கள், ஒரு காபிப் பாத்திரம். பொருளைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. உரியவர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கை கொடுக்க வேண்டும். பணம் வாங்குவதில்லை, உண்டியல் இருக்கும். இப்படிப் பக்கத்தில் உட்காரும் வழக்கத்தைச் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. தன் கண்முன் திறக்கப்பட்ட குக்கரை அடுத்த முறை ஒருவர் அவ்வளவு சுலபமாக எறியமாட்டார். 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்ற பேச்சும் வராது.

குக்கரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தெருமுனையிலிருந்து எடுத்து வந்த இரண்டையும் பெரியவர் வகுப்பு மேசையிலேயே கவிழ்த்தார். ரைஸ் குக்கரின் மூளை ஒரு காந்தம். பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிறிய குமிழ். தண்ணீர் இருக்கும் வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், அந்தச் சூட்டில் குமிழுக்குள் இருக்கும் உலோகக் கலவை காந்தப் பிடியை இழக்கும், ஸ்பிரிங் விடுபடும், 'டக்' என்று சுவிட்ச் மேலே வரும். அவ்வளவுதான். அதற்கும் மேல் சூடானால் உயிரைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்ற ஒரு வெப்ப ஃபியூஸ் இருக்கிறது. ஒரு வெண்டைக்காய் விதையைவிடக் கொஞ்சம் பெரியது, ஒருமுறை உருகினால் போனது போனதுதான். செத்த குக்கர் என்று வருவதில் நிறைய இந்த ஃபியூஸ் போனவை. முதல் குக்கரில் அதுதான். மாற்றும்போது அதே வெப்ப அளவு எழுதிய ஃபியூஸையே போட வேண்டும். கம்பியை முறுக்கி நேராக இணைக்கவே கூடாது. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்தச் சூட்டிலேயே புது ஃபியூஸ் உருகிவிடும் என்பதால் கம்பிமுனையில் சின்ன உலோகக் குழாய் மாட்டி நெரித்துப் பிடிக்க வைக்க வேண்டும். இரண்டாவது குக்கருக்குள் கரப்பான் பூச்சிக் குடும்பம் ஒன்று தொடர்பு முனையில் குடியிருந்தது. துடைத்தார், ஓடியது.

இனிதான் விஷயம். முதல் குக்கருக்கு ஃபியூஸ் வேண்டும். விலை சில சென்ட்; பிரான்ஸிலிருந்து வர வேண்டும், ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். தபால் செலவு ஃபியூஸைவிடப் பல மடங்கு, சில இணையக் கடைகள் இந்தத் தீவுக்கு அனுப்புவதே இல்லை, அனுப்பினாலும் வாரக்கணக்கில் ஆகும். பிரான்ஸில் லியோனிலோ நாந்திலோ மாதம் ஒருமுறை நடக்கும் கூடத்துக்கு இது பெரிய தடை இல்லை: சனிக்கிழமை பழுதைக் கண்டுபிடித்து, செவ்வாய்க்கிழமை பாகம் வந்து, வீட்டிலேயே மாட்டிவிடலாம். இங்கே மாதம் ஒருமுறை என்றால், வருவது, 'பாகம் இல்லை' என்று கேட்பது, அடுத்த மாதம் பாகம் இன்னும் வரவில்லை என்று கேட்பது. மூன்றாம் மாதம் அவர் வரமாட்டார். குக்கர் தெருமுனைக்குப் போயிருக்கும்.

நாள்காட்டியும் நம் பக்கம் இல்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், எச்சரிக்கை வந்தால் கூட்டம் ரத்து. டிசம்பர், ஜனவரியில் தீமிதி விரதம், அப்புறம் தைப்பூசக் காவடி. கோவிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஒரு திருகாணி தொட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்று யாரோ சொன்னபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஞாயிறு என்றால் இந்தத் தீவில் அண்டாவும் பாயும் எடுத்துக்கொண்டு கடலோரமோ மலையோரமோ போய்ச் சமைத்துச் சாப்பிடும் நாள். மாதத்துக்கு ஒன்று என்று எழுதினால் வருடத்துக்கு ஏழு கூட நடக்காது.

அதனால் மாதக் கூட்டத்தைவிடப் பதினைந்து நாளுக்கொரு சின்ன மாலைச் சந்திப்பே மேல் என்று நான் வாதாடினேன். வகுப்பு முடிந்தபின் அதே இடத்தில் இரண்டு மணி நேரம். மேசை இரண்டு போதும். விளம்பரம் வேண்டாம். பாகத்துக்குக் காத்திருக்கும் பொருள் ஒரு பெட்டியில் பெயர் எழுதி இருக்கட்டும். இன்னொரு பெட்டியில், இனி ஓடவே ஓடாது என்று உரியவரே கொடுத்துவிட்ட குக்கர், காற்றாடி, அயர்ன் பெட்டிகளிலிருந்து கழற்றிய சுவிட்ச், கைப்பிடி, வயர், கால் ரப்பர். தீவில் குழு நிற்பதும் விழுவதும் இந்த இரண்டாவது பெட்டியைப் பொறுத்தது என்று நான் நம்புகிறேன். ஒன்றே ஒன்றைக் கழற்றி வைக்கக் கூடாது, வெப்ப ஃபியூஸ். பழையதை நம்பிப் போட முடியாது. புது ஃபியூஸ் கையடக்கமாக ஒரு கட்டு வரவழைத்து வைத்துக்கொள்வதுதான் குழுவின் முதல் செலவு.

காற்றாடிக்கும் இதே கதை. கையால் சுற்றிவிட்டால் ஓடுகிறது, தானாகக் கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். சுற்றவே கனமாக இருந்தால் புஷ் காய்ந்திருக்கிறது, தையல் எந்திர எண்ணெய் இரண்டு சொட்டு. கடலோரத்து வீடுகளிலிருந்து வருபவற்றில் உப்புக் காற்று திருகாணிகளைத் தின்றிருக்கும். கழற்றுவதற்கே பாதி மாலை போய்விடும்.

நம்மவர்கள் கொண்டுவரப் போவது இன்னொன்று, இந்திய மிக்ஸி. ஊருக்குப் போகும் ஒவ்வொரு குடும்பமும் பெட்டியில் ஒன்று கட்டிக்கொண்டு வருகிறது, இட்லி மாவும் தேங்காய்ச் சட்னியும் இங்கே விற்கிற பிளெண்டரில் சரிவராது என்று. வகுப்புக்கு ஒருவர் கொண்டுவந்த மிக்ஸியைப் பெரியவர் திருப்பி, அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார். "டீச்சர், இது சாகவில்லை. தூங்குகிறது" என்றார், எழுத்து எழுத்தாக. பாரம் அதிகமானால் விழுந்துவிடும் காப்பு சுவிட்ச் அது. அப்படி ஒரு பொத்தான் இருப்பதே தெரியாமல் எத்தனை மிக்ஸிகள் குப்பைக்குப் போயினவோ. மற்றபடி மிக்ஸியில் தேய்வது கப்ளர், கார்பன் பிரஷ், ஜாரின் புஷ். எல்லாம் நம்மூர்க் கடைத்தெருவில் கிடைப்பவை. பிளக்கை மட்டும் அடாப்டர் போட்டுச் சமாளிக்காமல் மாற்றிவிட வேண்டும். மலிவு அடாப்டர்களில் நிலக்கம்பி இணைப்பு அறுந்துபோகிறது. ஈரக் கை படும் எந்திரத்துக்கு அது ஆகாது.

தையல் மேசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, அது தானே ஓடும். எங்களில் மூன்று பேருக்கு ஊசி பிடிக்கத் தெரியும், பாகத்துக்குக் கப்பல் வர வேண்டியதும் இல்லை.

இப்போது நான்காவது வழி. இதை முதலில் எல்லோரும் ஏளனமாகத்தான் பார்த்தோம். கை வைக்காமல் வாயால் மட்டும் என்ன பழுதுபார்ப்பு? பிரெஞ்சுச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிய பிறகு என் மனம் மாறியது.

பொருள் வாங்கி இரண்டு வருடத்துக்குள் பழுதானால், சட்டப்படியான உத்தரவாதத்தின் கீழ் கடைக்காரர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். அப்படிச் சரிசெய்தால் உத்தரவாதம் இன்னும் ஆறு மாதம் நீள்கிறது. இது தெரியாமல் நம் மேசைக்கு ஒரு வருடப் பொருளைக் கொண்டுவருவார்கள், நாமும் ஆசையாகத் திறப்போம், உத்தரவாதம் போய்விடலாம். நல்லது செய்யப்போய்க் கெடுத்த கதை. ஆகவே திருப்புளிக்கு முன் ரசீதைக் கேட்டு வழிகாட்ட ஒரு காகித மேசை வேண்டும்.

அடுத்தது, 2022 டிசம்பர் 15 முதல் நடப்பில் இருக்கும் பழுதுபார்ப்பு போனஸ். உத்தரவாதம் முடிந்த மின்பொருளை 'காலிரெபார்' முத்திரை பெற்ற தொழிலாளரிடம் கொடுத்தால் பில்லிலேயே ஒரு தொகை கழிந்துவிடும். 2024 தொடக்கத்தில் சலவை எந்திரத்துக்கு 50 யூரோ, தொலைக்காட்சிக்கு 60 யூரோ என்று உயர்த்தினார்கள். தொகைகள் அவ்வப்போது மாறும், போகும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். துணிக்கும் காலணிக்கும் இதுபோல 2023 நவம்பரில் வந்தது, 6 முதல் 25 யூரோ வரை. படிவம் நிரப்ப வேண்டியதில்லை, விண்ணப்பம் இல்லை. முத்திரை உள்ளவரிடம் போனால் போதும். நம்மைப் போன்ற தன்னார்வக் குழுவுக்கு இந்த போனஸ் கிடையாது, முத்திரை தொழில்முறைக் கடைகளுக்கு மட்டும். தீவில் முத்திரை பெற்ற கடைகள் பாரிஸ் அளவுக்கு நெருக்கமாக இல்லை, கிழக்குப் பக்கத்திலிருந்து தலைநகர் சேன்-தெனி வரை போக வேண்டி வரலாம்.

எடையை நினைத்துப் பாருங்கள். ஒரு சலவை எந்திரம் அறுபது, எழுபது கிலோ. குக்கர் இரண்டு கிலோ. குழு ஒரு வருடம் முழுக்க உட்கார்ந்து முப்பது குக்கர் சரிசெய்தால் குறையும் குப்பையை, ஒரு பாட்டியைச் சரியான கடைக்கு ஒரே ஒரு தடவை அனுப்பிக் குறைத்துவிடலாம். நம்மால் சலவை எந்திரத்தைப் படியிறக்கக்கூட முடியாது, சரிசெய்வது அப்புறம். குப்பையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் காகித மேசைதான் கனமான மேசை. வடக்கு, கிழக்குப் பக்கத்துக் குப்பை சேந்த்-சுசானுக்கும், தெற்கு, மேற்குக் குப்பை சேன்-பியேருக்கும் போகிறது. தீவு பெரிதாகப் போவதில்லை.

புதிது வாங்கியே தீர வேண்டும் என்கிறவருக்கும் இந்த மேசையில் சொல்ல இருக்கிறது. 2021 ஜனவரி முதல் சில பொருள்களின் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் பத்துக்கு இத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் ஒட்டுகிறார்கள். 2025இல் தொலைக்காட்சிக்கும் சலவை எந்திரத்துக்கும் அது நீடிப்பு மதிப்பெண்ணாக மாறியது. விலையைப் பார்க்கும் கண் அதையும் பார்க்கட்டும். பழையதை, புதிது விற்கும் கடையே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது.

சரி, அப்படியானால் காகித மேசை மட்டும் போதுமா? எனக்கு அதில் ஒரு தயக்கம் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆலோசனை கேட்க யாரும் மாலையில் வண்டி எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். செத்த குக்கரோடு வருவார்கள். குக்கர் ஓடுவதைப் பார்த்த பிறகுதான், "வீட்டில் வாஷிங் மெஷின் ஒன்று சத்தம் போடுகிறது" என்று வாய் திறப்பார்கள். இரண்டு மேசையும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம்.

எந்தக் கூரை என்பதில் வந்த வாக்குவாதம் நான் எதிர்பார்க்காதது. கோவில் கூடம் இலவசம், எல்லோருக்கும் தெரிந்த இடம், நாற்காலி இருக்கிறது. பாதிப் பேர் அதையே கேட்டார்கள். ஆனால் 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வழிபாட்டுக்கு மானியம் தராது. கோவில் சங்கத்தின் பெயரில் குழு நடந்தால் நாளைக்கு மேரியிடம் போய்க் கருவி வாங்க நானூறு யூரோ கேட்க முடியாது. (புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், நகராட்சியை அங்கேயும் மேரி என்றுதான் சொல்கிறோம்.) தவிர, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டிய இடத்துக்குக் கிழிந்த செருப்பைச் சரிசெய்ய எப்படிக் கொண்டுவருவது என்று ஒரு பெண் கேட்டார், பதில் இல்லை. முஸ்லிம் அயலாரும் கொமோரோ தீவுக் குடும்பங்களும் தயங்காமல் வர வேண்டும் என்பதும் இருந்தது. அதனால் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிச் சங்கம். இரண்டு பேர் போதும், பிரெஃபெக்சூர் என்னும் அரசு நிர்வாக அலுவலகத்தில் இணையவழியாகவே பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. பதிவு இருந்தால்தான் பொறுப்புக் காப்பீடு எடுக்க முடியும். அது இல்லாமல் மற்றவர் வீட்டு மின்பொருளைத் தொடுவதை நான் ஒப்பவே மாட்டேன். கோவில்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை; மடக்கு நாற்காலி இருபது இரவல் கொடுத்தார்கள்.

தொடக்கூடாதவற்றையும் அன்றே எழுதினோம். மைக்ரோவேவ் அடுப்பைத் திறப்பதில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். ஏசி, ஃபிரிட்ஜின் வாயுவைத் தொடுவதில்லை, அது உரிமம் பெற்றவர் வேலை. உப்பிய பேட்டரி உள்ள தொலைபேசியை மேசைக்கே கொண்டுவரக் கூடாது. சரிசெய்த எதையும் முதலில் 30 மில்லியாம்ப் கசிவுக் காப்பு உள்ள இணைப்பில்தான் செருகிப் பார்ப்பது. பெரியவர் இதில் மட்டும் சிரிப்பதில்லை.

முடிவு இப்படி ஆனது: பதினைந்து நாளுக்கொரு புதன் மாலை, வகுப்பு நடக்கும் குடியிருப்பாளர் கூடத்திலேயே. மூன்று மேசை. தையல், சின்ன மின்பொருள், வாசலுக்குப் பக்கத்தில் காகிதம். வாசல் மேசையில் ரசீதைக் கேட்க பிரெஞ்சும் கிரியோலும் சரளமாகப் பேசும் கல்லூரி மாணவி ஒருவர் உட்காருகிறார். ஒரு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பெட்டிகளில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்துப் பட்டறைப் பேச்சை மறுபடி எடுப்பதாக இளையவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் அதை மறக்க மாட்டார்கள் என்று தெரிகிறது.

தெருமுனைக் குக்கரில் ஒன்று இப்போது வகுப்பில் இருக்கிறது. மற்றது ஃபியூஸுக்குக் காத்திருக்கிறது. அடுத்த மாதம் காரைக்கால் போகும் குடும்பத்திடம் கொடுக்க ஒரு சீட்டு எழுதிவைத்திருக்கிறேன்: மிக்ஸி கப்ளர் ஆறு, கார்பன் பிரஷ் நாலு ஜோடி, ஜார் புஷ், பிரஷர் குக்கர் கேஸ்கட் மூன்று அளவில், காற்றாடி கெப்பாசிட்டர் பத்து. பெட்டியில் இடம் இருந்தால் முறுக்கு அச்சு ஒன்று. அது குழுவுக்கு இல்லை, எனக்கு.